கிளிப் போட்ட பக்கங்கள்

அரியாலை
09.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது? படகு ஆடியும் நான் சத்தி எடுக்கவில்லை. குறிகட்டுவான் துறையில் இறங்கியதும் பஸ் நின்றது.

போனில் கதைத்தால் உங்களுக்குக் கேளாது. கேட்கும்படி கத்த எனக்கு வராது. கடிதம்தான் நமக்குச் சரி என்று நீங்கள் சொன்னது உண்மை.

இந்த இல்லத்தில் எட்டுக் கட்டில்கள். இனி மருந்தால் மாறாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டவர்கள் இங்கே வருகிறார்கள். அவர்களைக் கடைசிவரை நோவில்லாமல், தனியாக விடாமல் பார்ப்பதற்குத்தான் இந்த நான்கு மாதப் பயிற்சி. வெளியில் வேலை செய்யும் நேர்ஸ்மார் நான்கு பேரும், உதவியாளர்களாகப் பழக வந்தவர்கள் ஆறு பேரும் இருக்கிறோம். நான்தான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாய் திறந்திருக்கமாட்டேன்.

பெர்னடெட் மிஸ் படிப்பிக்கிறார். முதல்நாள் ஒருவர் நோயாளியாகப் படுக்க, மற்றவர் போய்க் கதைக்க வேண்டும். ஷரோன் என்ற பிள்ளை படுத்தாள். கண்ணை மேலே செருகி, நாக்கை வெளியே போட்டு, கையை உதறினாள். "எழும்பு பிள்ளை. ஆரும் உப்பிடிச் சாகிறேல்லை" என்றார் மிஸ். எல்லோரும் சிரித்தோம். என் முறை வந்தபோது நான் கதவடியில் நின்று "எப்படி இருக்கிறீங்கள்" என்றேன்.

"கீர்த்திகா, உம்மடை சத்தம் நுளம்புக்கும் கேளாது. முதல்லை கதிரையை இழுத்துப் போட்டு இரும். இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது."

நின்றுகொண்டு கதைத்தால், இவள் போகப்போகிறவள் என்று நோயாளி நினைப்பாராம். எனக்குக் கதிரை பிடித்திருக்கிறது.

மருந்தெண்ணெய் சாமியறைத் தட்டில் இருக்கிறது. மறக்காமல் பூசுங்கள்.

உங்கள் மகள்
கீர்த்தி


நெடுந்தீவு
20.03.2025

மகள் கீர்த்திகாவுக்கு,

பிள்ளையார் துணையால் இவ்விடம் நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கறுத்த ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று கிடாய். கடலுக்குப் போக முழங்கால் விடுகிறதில்லை. கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறேன்.

இறங்குதுறையில் றமேஸ் ஏதோ கேட்டான். எனக்கு விளங்கவில்லை. "கலியாணம் கட்டாத குமர்ப்பிள்ளையைச் செத்தவீட்டு வேலைக்கோ அனுப்பினனீ?" என்று கடதாசியில் எழுதிக் காட்டினான். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேலையைக் கவனமாகப் பழகு. அங்கே சாகிறவர்களைப் பற்றி எனக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அப்பா


அரியாலை
06.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். குட்டிகள் பால் குடிக்கின்றனவா?

அதிகம் எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு கட்டிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஐந்தாம் கட்டிலுக்குப் பியாட்றிஸ் அன்ரி வந்திருக்கிறார். வயது எழுபத்திரண்டு. குடலில் புற்றுநோய். அவருடைய கணவர் நதானியேல் சேர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். தேவாலயத்தில் நாற்பது வருடம் ஓர்கன் வாசித்தவராம். அன்ரி பாடகர் குழுவில் முன்வரிசை.

அன்ரியைக் கட்டிலில் ஏற்றுவதற்கு முன்பே சேர் எங்கள் எல்லோரையும் கதவடிக்கு வெளியே கூப்பிட்டார். "அவவுக்கு ஒண்டும் தெரியாது. குடற்புண், மெல்ல மாறும் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். ஆரும் வாய் தவறிச் சொல்லக்கூடாது" என்றார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளையாலை பயமில்லை" என்றார்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான்கு மணிக்குப் பாட்டுப் புத்தகத்தோடு வருகிறார். ஓர்கன் இல்லாததால் கட்டிலருகே இருக்கும் சின்ன அலுமாரியில் விரலால் தட்டுவார். இரண்டு பேரும் மெதுவாகப் பாடுவார்கள். காலைப் பாட்டு, அறுவடைப் பாட்டு, கலியாணப் பாட்டு. நான் மேசை துடைக்கும்போது புத்தகத்தைத் தூக்கினேன். நடுவில் ஒரு கற்றைப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துக் கிளிப் போட்டிருந்தார். மரணத்துக்கும் மறுமைக்கும் உரிய பாட்டுகள். தவறுதலாகக்கூடத் திறந்துவிடக்கூடாது என்று.

அம்மாவின் படத்துக்கு மாலை மாற்றினீர்களா, அப்பா?

உங்கள் மகள்
கீர்த்தி


நெடுந்தீவு
19.04.2025

மகள் கீர்த்திகாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் நலம் என்று உன் கையெழுத்தில் தெரிகிறது.

வருடப்பிறப்புக்குச் சொதி வைத்தேன். இந்த முறை தேங்காய்ப்பால் திரையவில்லை. பக்கத்து வீட்டு டினேஸ் இரண்டு முறை வாங்கிக் குடித்தான்.

அந்தச் சேர் செய்வது சரி. நோய்க்காரியின் தலையில் பாரம் ஏற்றக்கூடாது. சுமப்பதற்குப் புருசன் இருக்கிறான். நீ உன் வேலையைப் பார்.

கிடாய்க்குட்டி வேலி பாய்கிறது.

அன்புடன்
அப்பா


அரியாலை
02.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்துக்குச் சுறுக்காய், அடுத்த படகிலேயே பதில் வேண்டும்.

நேற்று மத்தியானம் அன்ரிக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். கதிரையில் இருந்துதான் இழுத்தேன். அன்ரி சொன்னார், "பிள்ளை, அந்தக் கிளிப்பைப் பாத்தனீயோ?"

நான் சீப்பில் சிக்கிய மயிரை எடுக்கத் தொடங்கினேன்.

"நானென்ன குருடியே? நாப்பது வருசம் அந்தப் புத்தகத்திலை பாடினவள். எத்தினையாம் பக்கத்திலை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாதே? குடற்புண்ணாம். பாவம் மனுசன், பொய் சொல்லத் தெரியாது. சொல்லேக்கை காது சிவக்கும்."

எல்லாம் தெரிந்திருக்கிறது, அப்பா. ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டதாம். இனி மாதக் கணக்கில்லை, கிழமைக் கணக்குத்தான் என்பதும் தெரியும்.

அன்ரிக்கு ஓர் ஆசை இருக்கிறது. தன்னுடைய அடக்க ஆராதனையில் என்னென்ன பாட்டுப் பாட வேண்டும் என்று சேரோடு இருந்து தெரிந்தெடுக்க வேண்டும். "ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் நாங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சுத்தான் பாட்டுத் தெரிஞ்செடுக்கிறது. இதையும் அப்பிடித் தெரிஞ்சுபோட்டுப் போவம் எண்டு பாத்தன்" என்றார். ஆனால், தனக்குத் தெரியும் என்று தெரிந்தால் சேர் உடைந்துபோவார் என்று பயப்படுகிறார். "அவருக்குச் சொல்லிப்போடாதை. சத்தியம் பண்ணு" என்று என் கையைப் பிடித்தார். நான் தலையாட்டிவிட்டேன்.

பெர்னடெட் மிஸ் இப்படியான நேரத்தில் தன்னிடம் வரச் சொல்லித்தான் படிப்பித்திருக்கிறார். சத்தியம் பண்ணியதால் போகவில்லை. நாலு மணிக்குச் சேர் வருவார். இருவரும் அறுவடைப் பாட்டுப் பாடுவார்கள். நான் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நிற்பேன்.

அப்பா, சேருடைய இடத்தில் நீங்கள் இருந்தால், ஒருவர் வந்து சொல்வதை விரும்புவீர்களா?

உங்கள் மகள்
கீர்த்தி


நெடுந்தீவு
10.05.2025

மகள் கீர்த்திகாவுக்கு,

சுகம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

சத்தியம் சத்தியம்தான். சொல்லாதே. அந்த மனுசனிடம் மிஞ்சியிருப்பது அந்த நடிப்பு ஒன்றுதான். அதையும் பறித்தால் அவளுடைய முகத்தை எப்படிப் பார்ப்பான்?

என்னைப் பற்றிக் கேட்டாய். என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நிம்மதியாகப் போனாள்.

சோளகக் காற்று எழும்பிவிட்டது. இன்று காலையிலிருந்து படகு இல்லை. ஓடத் தொடங்கியதும் இதைப் போடுகிறேன்.

அன்புடன்
அப்பா


அரியாலை
14.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. காற்றால் படகு ஓடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். உங்களிடமிருந்து பதில் இல்லாததற்கு அதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்ரி இப்போது இரண்டு வரிக்கு மேல் பாடுகிறாரில்லை. மற்ற வரிகளைச் சேர் தனியே பாடுகிறார். முந்தநாள் மருந்தைக் கூட்டினார்கள். நோவில்லை, நித்திரைதான் அதிகம். இன்னும் ஒரு கிழமை போனால் பாட்டுத் தெரிந்தெடுப்பதற்கு அன்ரிக்கு விழிப்பு இராது.

இன்று வகுப்பில் மிஸ் கேட்டார், "சொந்தத்திலை ஒராளைப் பக்கத்திலை இருந்து பாத்தவை கையை உயத்துங்கோ." பத்துப் பேரில் ஏழு பேர் உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை. ஏன் என்று உங்களுக்கு எழுத வேண்டும்.

அப்பா, நான் இந்தச் சத்தியத்தை முன்பும் ஒருமுறை பண்ணியிருக்கிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பெண்கள் வார்ட் என்பதால் நீங்கள் பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் வருவீர்கள். அம்மாவோடு நான்தான் நிற்பேன். அம்மா போவதற்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒருநாள் காலையில் முகம் துடைத்துவிட்டேன். அப்போது அம்மா சொன்னார், "எனக்கு மாறாது, கீர்த்தி. எனக்குத் தெரியும். அப்பாட்டைச் சொல்லாதை. அந்த மனுசன் பிறகு சாப்பிடாது, தொழிலுக்குப் போகாது. அதோடை, அவருக்குச் சொல்லுறதெண்டால் வார்ட் முழுக்கக் கேக்கக் கத்த வேணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் தலையாட்டினேன்.

அன்று பின்னேரம் நீங்கள் வெளியே விறாந்தையில் வைத்து என்னிடம் சொன்னீர்கள், "கொம்மாவுக்கு ஒண்டும் தெரியக்கூடாது, என்ன?" அதற்கும் தலையாட்டினேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. இரண்டு பேருடைய சத்தியத்தையும் வைத்துக்கொண்டு உங்கள் இருவருக்கும் நடுவில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு நிற்பேன். வாயைத் திறந்தால் ஏதாவது ஒன்று விழுந்துவிடும் என்று பயம். பிறகு பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னாலும் வாய் திறக்க வரவில்லை. அதனால்தான் படிப்பை நிறுத்தினேன்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். அதை எழுதக் கை வரவில்லை.

கோபப்படாதீர்கள்.

உங்கள் மகள்
கீர்த்தி


அரியாலை
20.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பு சுகம்தான். பத்தாம் திகதி நீங்கள் எழுதியது நேற்றுத்தான் கிடைத்தது. சொல்லாதே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அன்ரி விழித்திருந்தார். புத்தகம் தலைமாட்டில் இருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு, "அன்ரி, கிளிப்பைக் கழட்டட்டே?" என்று கேட்டேன். அன்ரி என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கழற்றிவிட்டேன். கிளிப் துருப்பிடித்துப் பக்கத்தில் அடையாளம் விழுந்திருந்தது.

நாலு மணிக்குச் சேர் வந்து புத்தகத்தை எடுத்தார். அது அந்த இடத்தில் தானாகவே பிரிந்தது. அவர் சட்டென்று மூடினார். காது சிவந்துவிட்டது.

"ஆர் இதைக் கழட்டினது?"

"நான்தான், சேர்."

"என்ன?"

"நான்தான்."

"வாயைத் திறந்து சொல்லும் பிள்ளை!"

"நான்தான் சேர் கழட்டினனான்! அன்ரிக்கு எல்லாம் தெரியும்! கனநாளாய்த் தெரியும்!"

எட்டுக் கட்டிலுக்கும் கேட்டது, அப்பா. சமையலறையில் இருந்தும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அது என்னுடைய சத்தம் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. சேர் கையை ஓங்கவில்லை, ஆனால் ஓங்கப்போகிறவர்போல நின்றார். "உம்மை நம்பினன்" என்றார். "உம்மை இண்டைக்கே இஞ்சையிருந்து அனுப்பிறன்."

அப்போது அன்ரி சுவர்ப்பக்கம் பார்த்தபடியே சொன்னார், "இஞ்சேருங்கோ, உவளை ஏசாதையுங்கோ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருங்கோ. முந்நூற்றுப் பன்ரண்டை எடுங்கோ."

சேர் கதிரையில் இருக்கவில்லை. கட்டில் விளிம்பில் இருந்தார். அன்ரியின் கை அவருடைய முழங்காலில் இருந்தது. நான் போகப் பார்த்தேன். "நில்லு பிள்ளை, எழுதிறதுக்கு ஆள் வேணும்" என்றார் அன்ரி.

மூன்று பாட்டுகள் எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டில்தான் சண்டை.

"அந்தச் சுருதி மேலை போகும் பியாட்றிஸ். சனத்துக்கு எட்டாது."

"எட்டாட்டில் கஷ்டப்பட்டுப் பாடட்டும். நான் அங்கை படுத்திருக்கிற ஆள்தானே, எனக்கென்ன?"

சேர் சிரித்தார். சிரித்தபடியே அழத் தொடங்கிவிட்டார். அவர் அழுவதை அன்ரி பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்துபோகவில்லை, அப்பா. அழுதார், அவ்வளவுதான்.

பெர்னடெட் மிஸ் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "சரி எண்டு சொல்லமாட்டன். முதலே என்னட்டை வந்திருக்க வேணும். அவவின்ரை சம்மதம் இல்லாமல் செய்திருக்கக்கூடாது. இவையள் ரெண்டு பேரும் தாங்கிச்சினம். தாங்காத சனமும் இருக்கு. அப்ப என்ன செய்வீர்?" என்றார். ஒரு கிழமைக்கு நோயாளிகளிடம் போகக்கூடாது, துணி தோய்க்கும் பக்கம் நிற்க வேண்டும். அதன் பிறகு என்னை வைத்திருப்பதா என்று யோசிப்பார்களாம்.

அம்மா நிம்மதியாகப் போனார் என்று எழுதியிருந்தீர்கள். என்னுடைய பதினான்காம் திகதிக் கடிதம் இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஒரு வரி போதும். எழுதுங்கள்.

உங்கள் மகள்
கீர்த்தி


அரியாலை
11.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? காற்று விட்டுப் படகு ஓடுகிறது. இங்கே வேலை செய்யும் நெடுந்தீவுக்காரி ஒருவருக்கு ஊரிலிருந்து கடிதம் வருகிறது. எனக்கு இல்லை.

பியாட்றிஸ் அன்ரி போன மாதம் இருபத்தெட்டாம் திகதி, காலைத் தேத்தண்ணீர் நேரத்தில் போய்விட்டார். அதற்கு முதல்நாள்தான் என்னைத் திரும்பவும் வார்ட்டுக்கு விட்டிருந்தார்கள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். சேர் அலுமாரியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தியபோதுதான் நான் அன்ரியின் முகத்தைப் பார்த்தேன்.

என்னை அனுப்பவில்லை. எழுத்துப் பரீட்சை முடிந்தது. வாய்ப் பரீட்சை இந்த மாதக் கடைசியில்.

நேற்றுச் சேர் வந்தார். அன்ரியின் தலையணையை இல்லத்துக்குக் கொடுக்க வந்தவர், என்னைத் தேடித் துணி காயும் கொடியடிக்கு வந்தார். "முந்நூற்றுப் பன்ரண்டு ஒருத்தருக்கும் எட்டேல்லை பிள்ளை. ரெண்டாம் சரணத்தோடை போதகரும் விட்டிட்டார். நான் சொன்னன்தானே எண்டு சொல்ல வீட்டிலை ஆளில்லை" என்றார். பிறகு, "உம்மட்டைச் சொல்லலாமெண்டு வந்தனான்" என்றார்.

அப்பா, எழுதுங்கள்.

உங்கள் மகள்
கீர்த்தி


நெடுந்தீவு
02.07.2025

மகள் கீர்த்திக்கு,

உன் கடிதங்கள் மூன்றும் கிடைத்தன. நான் பதில் எழுதத் தாமதித்தது காற்றால் அல்ல. பதினான்காம் திகதிக் கடிதத்தை இறங்குதுறையில் நின்று வாசித்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். வலை பொத்தும்போது எடுப்பேன், திரும்ப வைப்பேன்.

உனக்கு ஒரு பொய் எழுதினேன். அம்மாவுக்குத் தெரியாது என்று எழுதினேன் அல்லவா? எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்திருந்தது என்று.

ஒருநாள் நான் வந்தபோது நீ சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். அவள் என்னைக் குனியச் சொல்லி வலது காதில் வாயை வைத்துக் கத்தினாள். சொதி வைக்கிறது எப்படி என்று. "ரெண்டாம் பாலிலை அவிய விடுங்கோ. தலைப்பாலைக் கடைசியா விடுங்கோ. விட்டு ஒரு நுரை வந்த உடனை இறக்குங்கோ. இல்லாட்டில் திரைஞ்சுபோம்." மூன்று முறை என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். வார்ட் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சுகமாகி வீட்டுக்கு வரப்போகிறவள் புருசனுக்குச் சொதி பழக்குவாளா? இரண்டாம் முறை சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"நீ வந்து வைச்சுத் தாவன்" என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். அவள் வாய் திறக்க அதுதான் நேரம். நான் விடவில்லை. பயம், கீர்த்தி. வேறொன்றும் இல்லை. மூன்று வருடமாகச் சொதி வைத்துப் பழகுகிறேன், அந்த நேரம் திரும்பி வருகிறதில்லை.

நீ அங்கே நடுவில் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைக்குக் கூச்சம், அதுதான் பள்ளிக்கூடத்தை விட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தக் கூச்சத்தை உனக்குக் கொடுத்தவன் நான். மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அம்மா இன்னொன்றும் சொன்னாள் என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதி அனுப்பாதே. வந்து சொல். எனக்குக் கேட்க வேண்டும்.

முழங்கால் பரவாயில்லை. கிடாய் வளர்ந்துவிட்டது.

அப்பா


அரியாலை
08.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இந்த முறை உங்கள் சுகத்தை நேரில் வந்தே கேட்கிறேன்.

வாய்ப் பரீட்சையில் ஷரோன்தான் நோயாளியாகப் படுத்தாள். இப்போது ஒழுங்காகப் படுக்கிறாள். "நான் தப்புவனோ?" என்று கேட்டாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். பெர்னடெட் மிஸ் பின்வரிசையில் இருந்து, "கேக்குது" என்றார். பாஸ்.

அடுத்த மாதம் தொடக்கம் இங்கேயே வேலை. அதற்கு முன் பத்து நாள் லீவு. சனிக்கிழமை காலைப் படகில் வாறன்.

வீடு வரும்வரை பொறுத்திருக்க என்னால் முடியாது, அப்பா. நீங்கள் இறங்குதுறைக்கு வந்து, வலது காது என் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அம்மா சொன்னது நீளமில்லை, ஒரு வசனம்தான். றமேஸ் மாமா நிற்பார், டினேஸ் நிற்பான், படகால் இறங்குகிற சனம் முழுக்க நிற்கும்.

நிற்கட்டும்.

உங்கள் மகள்
கீர்த்தி